தொட்ட கை

எழுதுகிறவனுக்கு மூளையில்தான் வலி வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பெருமையான வலி. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல. வலது தோளில், கழுத்து இறங்குகிற இடத்தில் ஒரு பிடிப்பு. பேனாவை எடுத்தால் 'இருக்கிறேன்' என்று மெல்லச் சொல்லும். கையைத் தூக்கிச் சட்டை மாட்டினால் உரக்கவே சொல்லும்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு தோள்வலி என்று புகார் சொல்ல ஓர் எழுத்தாளன் உண்மையில் வெட்கப்பட வேண்டும். பூட்டுப் பட்டறையில் காலை முதல் மாலை வரை அரம் பிடித்து ராவுகிறவர்கள் இருக்கிற ஊர் இது. சின்னாளப்பட்டித் தறிகளில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள், நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்பே குனிந்து மல்லிகை பறிக்கிற பெண்கள், ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை சுமக்கிறவர்கள் - இவர்கள் யாரும் வலியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. இரவில் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பேரனைக் கூப்பிட்டு, "முதுகிலே கொஞ்சம் ஏறி மிதிடா" என்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய சிகிச்சை.

நான் டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை, நிமிர்ந்து உட்காருங்கள், தினமும் கொஞ்சம் நடங்கள் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வலியும் முழுக்க இருந்தது. அப்போதுதான் நண்பர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஊருக்கே ஜப்பான் வைத்தியம் வந்திருக்கிறது சார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. விரலால் அழுத்தியே சரிப்படுத்துகிறார்கள். செய்கிறவள் வேறு யாருமில்லை, உங்களோடு காலையில் நடக்க வருகிறாரே, அவருடைய மகள்தான்."

அவரை எனக்குத் தெரியும். ஓர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம் மகள் புதுச்சேரிப் பக்கம் போய் ஏதோ படித்துவிட்டு வந்திருப்பதாக ஒரு தடவை சொன்னார். என்ன படிப்பு என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். ஏன் மாற்றினார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

அந்தப் பெண் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் பார்க்கிறாள். என் வயதையும் நரையையும் உத்தேசித்து எனக்கு விலக்கு அளித்தாள். வீட்டின் முன்னறையில் தரையில் கனமான பஞ்சு மெத்தை ஒன்று விரித்திருந்தது. எண்ணெய் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. முதல் பத்து நிமிஷமும் அவள் என்னைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டாள். தூக்கம் எப்படி, ஜீரணம் எப்படி, எழுதுகிற மேஜை எவ்வளவு உயரம், எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறீர்களா? காய்ச்சல் உண்டா, காலில் ரத்தம் கட்டியது உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? "இதில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள் ஐயா. நான் தொடமாட்டேன்" என்றாள். எனக்கு அவள்மேல் நம்பிக்கை பிறந்தது அந்த வார்த்தையில்தான். தன்னால் எது முடியாது என்று முதலில் சொல்கிற வைத்தியரை நம்பலாம்.

ஷியாட்சு என்றால் ஜப்பானிய மொழியில் 'விரல் அழுத்தம்' என்றுதான் பொருள். டோகுஜிரோ நாமிகோஷி என்பவர் 1905-ல் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது குடும்பம் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் குளிரில் தாய்க்கு மூட்டுவலி வந்துவிட்டது. பக்கத்தில் வைத்தியர் இல்லை. குழந்தைகள் மாறி மாறித் தாயின் உடம்பைத் தேய்த்தும் பிடித்தும் விட்டார்கள். இந்தப் பையன் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் அழுத்தும்போதுதான் தாய்க்கு அதிக சுகம் தெரிந்ததாம். அங்கே ஆரம்பித்தது அவருடைய வித்தை. 1940-ல் டோக்கியோவில் பள்ளிக்கூடம் அமைத்தார். 1954-ல் ஜப்பானுக்கு வந்த மர்லின் மன்றோவுக்கே அவர் சிகிச்சை செய்தார் என்றால், பிறகு புகழுக்குக் கேட்பானேன்! மறு வருஷமே ஜப்பானியச் சட்டத்திலும் ஷியாட்சுவின் பெயர் ஏறிவிட்டது.

அவருக்குப் பின் வந்த ஷிசுட்டோ மாசுனாகா மனோதத்துவம் படித்தவர். வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காதே, படுத்திருக்கிற முழு மனிதனைப் பார் என்பது அவர் பாடம். ஒரு கை அழுத்தும்போது இன்னொரு கை சும்மா இருக்கக் கூடாது. அசையாமல், ஆதரவாக உடம்பின்மேல் இருக்க வேண்டும். அதைத் தாய்க் கை என்று சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் இடது உள்ளங்கை என் முதுகின் நடுவில் அப்படித்தான் இருந்தது. வலது கட்டைவிரல் தோளருகே மெதுவாக இறங்கியது. பலத்தால் அல்ல, தன் உடம்பின் பாரத்தைச் சாய்த்துத்தான் அவள் அழுத்தினாள். சற்று நேரத்தில் இரண்டு கைகளும் ஒன்றாகிவிட்டன போல் எனக்குத் தோன்றியது. "மூச்சை ஏன் பிடித்துவைக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டாள். பிடித்துவைத்திருக்கிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நாலைந்து தடவைக்குப் பிறகு சட்டை மாட்டும்போது தோள் பேசுவதை நிறுத்திக்கொண்டது. அது விரலாலா, அவள் சொன்னபடி மேஜையை உயர்த்தியதாலா, அல்லது நாள் கடந்ததாலா? நேர்மையாகச் சொன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உயிர்ச்சக்தி உடம்பில் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது என்கிறார்கள் இந்த முறைக்காரர்கள். கத்தியால் அறுத்துப் பார்க்கிற சாஸ்திரம் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. ஷியாட்சுவைப் பற்றிக் கறாரான பரிசோதனைகளும் குறைவு. வலி தணியலாம், மனம் இளகலாம், தூக்கம் வரலாம். வியாதியை வேரோடு பிடுங்கும் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது நல்லது.

ஆனால், அழுத்தத்துக்கு உடம்பு பதில் சொல்கிறது என்பது மட்டும் கற்பனையல்ல. நம் உயிரணுக்களின் சுவரில், அழுத்தினால் திறந்துகொள்கிற நுண்ணிய கதவுகள் இருக்கின்றன என்று ஆர்டெம் பட்டாபூட்டியன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2010-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2021-ல் டேவிட் ஜூலியஸ் என்பவருடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாவி போடாமல், தொட்டாலே திறக்கிற கதவு! பூட்டு செய்கிற ஊரில் குடியிருக்கிற எனக்கு இந்தச் செய்தி ரொம்பவும் பிடித்திருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு தோளின் கதையாக முடிந்திருக்கும். மூன்றாவது தடவை போய்விட்டுத் திரும்பும்போது அந்தப் பெண்ணின் தகப்பனார் தெருமுனை வரை என்னோடு கூட வந்தார்.

"உங்களிடம் மறைப்பானேன் சார்? எங்கள் அப்பா இதே வேலையைத்தான் செய்தார். ஜப்பான் பெயர்தான் இல்லை. சவரப் பெட்டி ஒரு கையில், எண்ணெய்க் கிண்ணம் ஒரு கையில். பெரிய வீடுகளில் வாதம் வந்து கிடக்கிறவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவார். பின்வாசல் வழியாகத்தான் போவார். எங்கள் அம்மா பிரசவம் பார்ப்பாள். ஒரு குழந்தை பூமிக்கு வந்தால் அதை முதலில் தொடுகிற கை அவளுடையது. அதே குழந்தை வளர்ந்து அவளைத் தள்ளி நிற்கச் சொல்லும். 'இந்தக் கிண்ணத்தை நீ கையாலே தொடாதே' என்று எங்கள் அப்பாவே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் படித்து ஒரு நாற்காலியில் உட்கார என்ன பாடு பட்டேன் தெரியுமா? இப்போது என் மகள் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, ஜப்பானைச் சுற்றிக்கொண்டு, அதே கிண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். எண்ணெய்தான் இல்லை."

"முன்வாசலில் பலகை மாட்டித்தானே செய்கிறாள்?" என்றேன், சமாதானமாக.

"அந்தப் பலகையில் ஷியாட்சு என்று எழுதியிருக்கிறது சார். அதை அழித்துவிட்டு, 'இங்கே உடம்பு பிடித்துவிடப்படும்' என்று எழுதி, கீழே எங்கள் அப்பா பெயரைப் போட்டால் நீங்கள் வருவீர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எனக்குப் பத்து வயது. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சிறுமலை நீலமாகத் தெரிகிற ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. கொஞ்சம் ஆசாரமான வீடு. புளிய மரத்திலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகி, பானை மாதிரி வீங்கிவிட்டது. ஊரில் சுளுக்கு வழிக்கிற கிழவரை அழைத்து வந்தார்கள். எழுபது வயது இருக்கும். பின்கட்டில் உட்கார்ந்து என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தேடினார். தேடினார் என்பதுதான் சரியான சொல். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கனேதான் இருக்கு சின்னய்யா" என்றார். அவர் என்னை 'நீங்க' என்றார். நான் அவரை 'நீ' என்றேன். அது தப்பென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வலி இறங்கிற்று. அவர் கட்டுப் போட்டு முடித்து, தம் துணி மூட்டையை முடிந்துகொண்டிருக்கும்போதே பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "தொட்டிருக்கான், அப்படியே உள்ளே வராதே. கிணத்தடிக்குப் போ, தலைக்கு ஊத்தணும்." அவர் காதில் விழுந்தது. முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என்னைப் பார்த்து, "வெந்நீரா ஊத்தச் சொல்லுங்க சின்னய்யா. கட்டு நனையாமே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

தீண்டாமை 1950-லேயே அரசியல் சட்டத்தால் ஒழிந்துவிட்டது. 1955-ல் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது என்பீர்கள். விசித்திரம் என்னவென்றால், அந்தக் கிழவர் எங்கள் ஊர்க் கணக்குப்படி தீண்டத் தகாதவர்கூட அல்ல. தேவை இருக்கும்போது தொடலாம். தேவை தீர்ந்ததும் தலைமுழுக வேண்டும். தொட்டதால் குணமானேன், அதே தொடுதலால் தீட்டும் ஆனேன். பத்து வயதுப் பையனுக்கு இதில் உள்ள முரண்பாடு புரியவில்லை. அறுபது வருஷங்களுக்கு மேல் கழித்துத் தெருமுனையில் ஒருவர் கேட்ட கேள்வியில் அது புரிந்தது.

நம்மிடம் இந்தக் கலை இல்லாமலா இருந்தது? சித்த வைத்தியம் சொல்லும் முப்பத்திரண்டு புற மருத்துவங்களில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். வர்மப் புள்ளிகள் நூற்றெட்டு. அதில் தொண்ணூற்றாறுக்குத் தொடுவர்மம் என்றே பெயர். சவரக் கத்தி பிடித்தவர்களுக்கு ஊரில் மருத்துவர் என்று ஒரு பெயர் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவச்சி என்று பெயர். ஏட்டில் கலைக்கு மரியாதை இருந்தது. திண்ணையில் கைக்கு இல்லை. அதனால்தான் மகன்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். அவர்கள் வைத்தது நியாயம்.

நாம் மட்டுமல்ல. ஜப்பானிலும் பழைய நாளில் உடம்பு பிடித்துவிடுகிற தொழில் பெரும்பாலும் பார்வையற்றவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியர் அவர்களுக்காகப் பள்ளிகளே நடத்தினார். தன் உடம்பின் பலவீனத்தை இன்னொருவன் கையில் கொடுக்கும்போது மனிதனுக்கு ஒரு கூச்சம் வருகிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால், வாங்கிக்கொள்கிறவன் நம்மை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அங்கே பார்வை இல்லாதவரைத் தேடினார்கள். இங்கே நாம் நிமிர்ந்து பார்க்க விடாத ஒருவரை வைத்துக்கொண்டோம்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சேவாகிராமத்தில் நடந்த ஒரு காட்சி எனக்கு ஞாபகம் வரும். பர்ச்சுரே சாஸ்திரி என்ற சம்ஸ்கிருதப் பண்டிதர் தொழுநோயோடு காந்தியின் ஆசிரமத்துக்கு வந்தார். சாதியால் உயர்ந்தவர், வியாதியால் தள்ளப்பட்டவர். காந்தி தம் குடிலுக்கு அருகே அவருக்கு இடம் கொடுத்தார். எத்தனையோ அரசியல் வேலைகளுக்கு நடுவிலும் அவர் உடம்பைத் தாமே தேய்த்துவிட்டார். அந்தத் தேய்ப்பால் தொழுநோய் தீரவில்லை. அதற்கு மருந்து வேறு. ஆனால், சாஸ்திரியிடம் இருந்த இன்னொரு வியாதி, 'என்னை யாரும் தொடமாட்டார்கள்' என்கிற வியாதி, அந்தக் கையால் தீர்ந்திருக்கும்.

அப்படியானால் கையில் இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று நரம்புக்கும் தசைக்கும். இன்னொன்று, 'நீயும் மனிதன்' என்று சொல்வது. காந்தியின் கை இரண்டாவதைச் செய்தது. எங்கள் ஊர்க் கிழவரின் கை இரண்டையும் எனக்குச் செய்தது. ஆனால், பதிலுக்கு அவருக்கு யார் செய்தார்கள்?

இப்போது எல்லாரும் 'முழு மனிதனுக்குச் சிகிச்சை' என்கிறார்கள். உடம்பு வேறு, மனம் வேறு என்று பிரிக்காதே என்கிறார்கள். நல்ல பேச்சு. ஆனால், ஒரு தொடுதலுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் முழு மனிதன் படுத்திருக்கிறான். மறுமுனையில் இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன என்றால் அது என்ன முழுமை? வள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து என்பதோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்து செய்கிறவனையும் நாலாவதாக எண்ணிச் சேர்த்திருக்கிறார். அவனும் மருந்தில் ஒரு பாகம். நாம் அவனை மருந்துக் குப்பியாக நினைத்தோம்.

"அவமதிக்கப்பட்ட கை குணப்படுத்தாது" என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். அது பொய். கிழவரின் கை நன்றாகவே குணப்படுத்தியது. கணுக்கால் சரியாயிற்று. சரியாகாதவன் நான்.

"காசு கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். பஸ் கண்டக்டரிடம் அப்படிச் சொல்லலாம். என் மூச்சு எங்கே நிற்கிறது என்று கண்டவளிடம் அப்படிச் சொல்ல முடியாது. காசு அவளுடைய நேரத்துக்கு. என் பலவீனத்தை அவள் கையில் நம்பிக் கொடுத்தேனே, அதற்குக் காசு ஈடல்ல. அதற்காக அவளைக் கும்பிட வேண்டியதில்லை. பெயர் சொல்லி மரியாதையாக அழைப்பது, எதிரே ஒரு நாற்காலி போடுவது, முன்வாசல் - இவ்வளவுதான் கேட்கிற விலை.

வேறொரு கேள்வியும் உண்டு. இந்தத் தொழில் இவ்வளவு உயர்ந்ததென்றால், அதை விட்டு ஓடிய தகப்பனார் செய்தது தவறா? இல்லை. நல்ல வேலையானாலும் பிறப்பால் கழுத்தில் கட்டினால் அது விலங்கு. அதை அறுத்துக்கொண்டவர் செய்ததும் சரி. திறந்த கதவு வழியாகத் தானாக விரும்பி உள்ளே போன மகள் செய்ததும் சரி. நடுவில், எந்தப் பலகையைப் பார்த்து மரியாதை கொடுப்பது என்று தடுமாறுகிற நாம்தான் தவறு.

அடுத்த வாரம் அவரிடம் சொன்னேன்: "அந்தப் பலகையை எழுதி மாட்டுங்கள். நான் வருவேன்."

அவர் சிரித்தார். "வருவீர்கள் சார். நான் கேட்டுவிட்டேனல்லவா? கேட்காமலே வருகிறவர்களுக்குத்தான் காத்திருக்கிறேன்."

தை மாதம் காரைக்குடிச் சீமையிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம்தான் வருகிறார்கள். கால் கொப்பளித்து, தொடை விறைத்து, பந்தலில் வந்து விழுவார்கள். இன்னும் இரண்டு நாள் நடை. அதன்பின் 693 படி. அங்கே யார் யாரோ வந்து அந்தக் கால்களைத் தைலம் தேய்த்துப் பிடித்துவிடுகிறார்கள். யாருடைய கால் என்று கேட்பதில்லை. யாருடைய கை என்றும் கேட்பதில்லை. அதைப் புண்ணியம் என்கிறோம். வருஷத்தில் ஒரு நாள் செய்தால் புண்ணியமாக இருக்கிற காரியம், தினமும் செய்கிறவனுக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

அந்தக் கிழவரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்குப் போய் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவரைத் தொழிலின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்றுகூட நான் அன்று நினைத்ததில்லை. என் கணுக்கால் இன்றும் திடமாக இருக்கிறது, மழைக்காலத்தில்கூட வலிப்பதில்லை. கொஞ்சம் வலித்தால் தேவலை என்று சில சமயம் தோன்றுகிறது.